ஷிப்ட் வேலை பார்க்கும் அப்பாவைப் பற்றி பிள்ளைகளுக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

ஓசூர் பஸ் அப்பா:
எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். ஓசூர் சிப்காட்டில் எட்டு வருடமாக வேலை, மூன்று ஷிப்ட், வாரா வாரம் மாறும். ஏ ஷிப்ட் என்றால் விடியற்காலை நாலு மணிக்கு கம்பெனி பஸ், பி ஷிப்ட் என்றால் வீடு வந்து சேர நடுராத்திரி, சி ஷிப்டில் பகல் முழுக்கத் தூக்கம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டு ஆகப் போகிறது.

போன சனிக்கிழமை பகலில் தூங்கிக்கொண்டிருந்தவன் எதற்கோ விழித்தேன். வாசலில் மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம், "எங்கப்பாவுக்கு சி ஷிப்டு, அந்தப் பக்கம் போய் விளையாடலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி வாயையும் கையால் பொத்தித்தான் கூட்டிக்கொண்டு போனாள். பொறுப்பான பிள்ளை என்று மனைவிக்கு சந்தோஷம். எனக்கு அப்புறம் தூக்கம் வரவில்லை. நாளைக்கு இவள் வளர்ந்த பிறகு அப்பா என்றதும் மூடின கதவும் 'சத்தம் போடாதே' என்ற பேச்சும்தான் நினைவுக்கு வருமா?

ஒகேனக்கல் கூட்டிப் போகிறேன் என்று இரண்டு தடவை சொல்லி, இரண்டு தடவையும் ஓவர்டைம் வந்து கெட்டுப்போனது. இனி பெரிதாக எதுவும் சொல்லி ஏமாற்ற மனமில்லை. வீட்டிலேயே, செலவில்லாமல், ஷிப்ட் மாறினாலும் விடாமல் செய்கிற மாதிரி உங்கள் வீட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

பென்னாகரம் ஆயா:
தம்பி, மார்கழி பிறந்துவிட்டது, சந்தையில் அவரைக்காய் குவிந்து கிடக்கிறது. ஒரு படி வாங்கி வா. உரித்த கொட்டையை ராத்திரியே தண்ணீரில் போடு. காலையில் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து பிதுக்கச் சொல். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து லேசாக அமுக்கினால் போதும், தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு துள்ளும். எங்கள் வீட்டில் கிண்ணத்தில் விழுந்ததை விட சுவரில் பட்டு விழுந்ததுதான் அதிகம், அதைப் பொறுக்க ஒரு பிள்ளை எப்போதும் தவழ்ந்துகொண்டே இருக்கும். அன்றைக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பும் கேழ்வரகுக் களியும். தட்டில் தண்ணீர் தெளித்து, பிள்ளை கைக்கு அடங்குகிற மாதிரி குட்டி உருண்டையாக நீயே உருட்டி வை. என் பேரன் பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறான், தை மாதம் வந்தால் அம்மாவைக் கேட்கிறானோ இல்லையோ, "ஆயா, கொட்டை ஊற வெச்சாச்சா?" என்றுதான் போன் போடுகிறான்.

அரூர் பொண்ணு:
அண்ணா, நான் உங்கள் மகள் இடத்தில் இருந்தவள், அதனால் சொல்கிறேன். எங்கப்பா பெங்களூரில் கட்டட வேலை. சனிக்கிழமை ராத்திரி கடைசி பஸ்ஸில் வருவார், திங்கள் விடியும் முன்னே கிளம்பிவிடுவார். ஒரு தடவை எங்களை பன்னேர்கட்டா மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போனார். புலி முன்னால் நிற்கிற போட்டோ இருக்கிறது, ஆனால் புலியைப் பார்த்தது எனக்குத் துளியும் ஞாபகம் இல்லை. அதற்கு அவர் எத்தனை நாள் கூலியைச் சேர்த்திருப்பார் என்று இப்போது நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

எனக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து வீட்டில் இருக்கிற அரிவாள், அருவாமனை எல்லாவற்றையும் கல்லில் தீட்டுவார். சொம்பில் இருந்து கல்மேல் தண்ணீர் விடுவது என் வேலை. அதிகம் விட்டால் "மெல்ல, மெல்ல" என்பார், குறைந்தால் கல்லின் சத்தமே மாறிவிடும், அதை வைத்தே நான் தெரிந்துகொள்வேன். சாம்பல் நிறத்தில் ஒரு கூழ் வழிந்து என் கால்விரல் வரைக்கும் வரும். கடைசியில் ஒரு தென்னோலைக் கீற்றை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, ஒரே இழுப்பில் அறுத்துக் காட்டுவார். அவ்வளவுதான் அண்ணா. பேசிக்கொண்டது கூட ரொம்பக் கம்மி. இன்றைக்கும் ஈர இரும்பு வாசனை வந்தால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். என்ன செய்தாலும் சரி, அவள் இல்லாமல் அது நடக்காது என்கிற மாதிரி அவளுக்கு அதில் ஒரு வேலை கொடுங்கள். வேடிக்கை மட்டும் பார்க்க வைக்காதீர்கள்.

ஊத்தங்கரை டீச்சர்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மூன்று வயதுக்கு முன் நடந்தது பெரும்பாலும் யாருக்கும் பெரியவரானதும் தங்குவதில்லை, அதனால் மகனுக்காக இப்போதே தவிக்காதீர்கள், அக்கா சொல்லித்தான் அவனுக்குப் பாதி தெரியப் போகிறது. நடந்ததைத் திரும்பத் திரும்பப் பேசினால்தான் நினைவு நிலைக்கும். "அன்னைக்குப் பருப்பு எங்கே போய் விழுந்துச்சு?" என்று கேட்டு அவளைச் சொல்ல விடுங்கள். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரண்டு பேராசிரியர்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்கிற மாதிரி 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும் அதிகமாகவே இருந்தது.

கதைக்கு எங்கேயும் போக வேண்டாம். உங்கள் அம்மா 1965க்கு முன் உங்கள் பக்கமே பிறந்தவர் என்றால் அவர் சேலம் ஜில்லாவில் பிறந்தவர், நீங்கள் தருமபுரி மாவட்டம், 2004இல் பிரித்ததால் உங்கள் மகள் கிருஷ்ணகிரி மாவட்டம். யாரும் ஊரை விட்டு நகரவே இல்லை. இதை என் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஆயாவிடம் ஆளுக்கொரு கதை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

நானும் சி ஷிப்ட்தான்:
நண்பா, நானும் இதே சிப்காட். மணி கணக்கு வைத்தால் நமக்கு ஆகாது. ராத்திரி எட்டு மணிக்குக் கதை என்று ஆரம்பித்தேன், இரண்டாவது வாரமே பி ஷிப்டில் நின்றுபோனது, பையன் அழுதான். அப்புறம் வேறு மாதிரி செய்தோம். நான் எந்த நேரத்துக்கு வந்தாலும் என் ஐடி கார்டை ஆணியில் மாட்டுவது அவன்தான். ஆணியையே அவனுக்கு எட்டுகிற உயரத்தில் இறக்கி அடித்துவிட்டேன். தூங்கிவிட்டான் என்றால் அவன் தலைமாட்டில் கார்டை வைப்பேன், காலையில் முதல் வேலையாக மாட்டிவிட்டுத்தான் பல் தேய்ப்பான். அப்பா வந்துவிட்டார் என்று அவனுக்கு அதில்தான் தெரியும். வேலைக்குக் கிளம்பும்போதும் அவன் கழற்றிக் கொடுத்தால்தான் நகர்வேன், தூக்கத்தில் இருந்தாலும் ஒரு கையால் எடுத்து நீட்டுவான். நாலு வருடமாக நடக்கிறது.

ஓசூர் பஸ் அப்பா:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கொட்டை ஊற வைத்தோம். மகள் முதல் பத்துப் பருப்பை நசுக்கிவிட்டாள், அப்புறம் பிடி கிடைத்துவிட்டது. ஒன்று என் நெற்றியில் வந்து பட்டது, அதை இதுவரை நாலு பேரிடம் சொல்லிவிட்டாள். தம்பி தோலை வாயில் போட்டுக்கொண்டான், அதனால் அவனைப் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை ஆகிவிட்டது. ஆயா பேச்சும் வந்தது, என் அம்மா சேலம் ஜில்லா என்பதை அவள் நம்பவே இல்லை, நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

ஆணி இன்னும் அடிக்கவில்லை, சிமெண்ட் சுவர், டிரில்லிங் மெஷின் கேட்டிருக்கிறேன். கதவுக்குப் பக்கத்தில் எங்கே வேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறாள். பென்னாகரத்து ஆயாவுக்கு ஒரு கேள்வி: சீசன் முடிந்த பிறகு காய்ந்த கொட்டையில் பிதுக்கலாமா?

பென்னாகரம் ஆயா:
பிதுக்கலாம் தம்பி, காய்ந்தது என்றால் முந்தின நாள் சாயங்காலமே ஊற வைத்துவிடு, நன்றாக உப்பினால்தான் தோல் விடும். ருசி பச்சைக் கொட்டை மாதிரி வராது. தை முடிவதற்குள் இன்னும் இரண்டு மூன்று ஞாயிறு செய்துவிடு.