அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் "பாசம்" என்ற சொல்லைத் தாண்டி நகரவே மாட்டேன் என்கிறது

கரிசல்பையன்:

வணக்கம். ஊர் கோவில்பட்டிப் பக்கம், இப்போது ஓசூரில் வேலை. அம்மாவைப் பற்றியும் எங்கள் பழைய வீட்டைப் பற்றியும் நாலு பக்கம் எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பத்திரிகைக்கு எல்லாம் இல்லை, என் மகளுக்கு எட்டு வயது, அவள் பிறகு படிக்கட்டும் என்றுதான். உட்கார்ந்தால் வருவது இதுதான், சிரிக்காதீர்கள்:

"சூரியன் தன் பொற்கதிர்களை வீசும் முன்பே அம்மா எழுந்துவிடுவார். அன்பே உருவான அவர், ஓயாத உழைப்பால் எங்களை ஆளாக்கினார். அவருடைய கைகளில் உழைப்பின் ரேகைகள் ஓடின."

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் இது யாருடைய அம்மாவுக்கும் பொருந்துகிறது. எங்கள் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்காக வீட்டில் வைத்துப் பெட்டி ஒட்டினவர், ராத்திரி பதினொன்று வரைக்கும் அதுதான். அது இதில் எங்கேயும் இல்லை. வர்ணித்து எழுது என்கிறார்கள், வர்ணிக்கப் போனால் பொற்கதிர்தான் வருகிறது. என்ன செய்யலாம்?

பழைய பேனா:

தம்பி, முதலில் ஒரு சின்ன விஷயம். வீட்டில் அம்மாவை எப்படிக் கூப்பிடுவீர்கள்? "வா, போ" என்றுதானே? அப்படியென்றால் எழுதும்போது மட்டும் "எழுந்துவிடுவார்", "ஆளாக்கினார்" எதற்கு? அந்த "ஆர்" விகுதி வந்த உடனேயே அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மேடையில் போய் உட்கார்ந்துவிடுகிறாள், அப்புறம் பொற்கதிர் வராமல் என்ன வரும். "எழுந்துவிடுவாள்" என்று மாற்றிப் பாருங்கள். மரியாதைக் குறைவு என்று சொந்தக்காரர்கள் யாராவது சொல்வார்கள், சொல்லட்டும்.

அடுத்தது, உழைப்பின் ரேகை என்று ஒன்று கிடையாது. பெட்டி ஒட்டினவள் கையில் பசைதான் இருக்கும். மைதாப் பசையை எதில் காய்ச்சினாள்? பூச்சி அரிக்காமல் இருக்க மயில் துத்தம் போடுவார்களே, உங்கள் வீட்டில் போட்டார்களா? அது நீலம்தானே, பசை என்ன நிறத்தில் இருந்தது? அடிப்பெட்டி ஒட்டினாளா, மேல்பெட்டியா, இரண்டுமா? குரோஸ் கணக்கில்தானே கூலி, 144 பெட்டிக்கு இவ்வளவு என்று. அந்தக் கணக்கை யார் வைத்திருந்தார்கள்? அந்தக் கை பசையாக இருந்தபோது உங்களுக்கு மூக்கு ஒழுகினால் யார் துடைத்துவிட்டார்கள்? இதற்கெல்லாம் பதிலை மட்டும் எழுதுங்கள், வர்ணனை என்று நினைத்துக்கொண்டு எழுதாதீர்கள்.

நெல்லை டீச்சர்:

பழைய பேனா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குறுந்தொகை 167-ஆவது பாட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், மறந்திருப்பீர்கள். கல்யாணமான பெண் புது வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று செவிலித்தாய் பார்த்துவிட்டு வந்து பெற்றவளிடம் சொல்வது, மொத்தமே ஆறு அடி. கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள், அந்த விரலைச் சேலையில் துடைத்துவிட்டுத் துவைக்காமல் அதையே கட்டியிருக்கிறாள், தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது, தானே துழாவி ஆக்கிய புளிக்குழம்பைக் கணவன் நன்றாக இருக்கிறது என்று சாப்பிடுகிறான், அவள் முகம் தெரிந்தும் தெரியாமலும் மலர்கிறது. அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால் அதிலும் "காந்தள் விரல்", "குவளைக் கண்" எல்லாம் உண்டு. பொற்கதிர் மாதிரி அன்றைக்கு எல்லோரும் சொன்ன உவமைதான் அவை. ஆனால் இருபது வருடமாக வகுப்பில் நடத்துகிறேன், பிள்ளைகளுக்கு ஒரு தடவைகூடக் காந்தள் நினைவில் நின்றதில்லை. தயிர் துடைத்த சேலைதான் நிற்கிறது, "எங்கம்மாவும் அப்படித்தான் மிஸ் துடைப்பாங்க" என்று ஒருத்தி கட்டாயம் எழுந்து சொல்வாள். மகள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று தாய்க்குச் சொல்ல அந்தச் செவிலிக்கு ஓர் அழுக்குச் சேலை போதுமாக இருந்தது.

இன்னொன்று, உங்கள் ஊர்ச் சொற்களைத் திருத்தாதீர்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற வெஞ்சனத்தைக் "கூட்டு" என்று மாற்றினால் தட்டில் இருக்கிற பண்டமே மாறிவிடும். கி. ராஜநாராயணன் 1982-லேயே கரிசல் சொற்களுக்கென்று தனி அகராதி போட்டார், வெட்கப்பட ஒன்றுமில்லை. மகளுக்குப் புரியாவிட்டால் கேட்கட்டும், அப்போது நீங்கள் இன்னொரு கதை சொல்லலாம்.

மாடித்தொட்டி:

எல்லாம் சரி, ஆனால் நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. இப்படி ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல நம்மாள் பசை, சட்டி, துத்தம், தாள், விளக்கு, பாய் என்று சாமான் பட்டியல் போட்டுவிடுவார், படிக்கிறவனுக்கு வீடு காலிசெய்கிற லாரி மாதிரி இருக்கும்.

என் அனுபவம்: அப்பா இறந்த நாளை எழுதும்போது வானம் எப்படி இருந்தது, வேப்பமரம் எப்படி அசைந்தது என்று இரண்டு பக்கம் எழுதினேன். நடந்தது வேறு. அப்பா தண்ணி மோட்டாரைப் போட்டுவிட்டு வந்துதான் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. தொட்டி நிரம்பி மாடியிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது, எங்கள் யாருக்கும் போய் அணைக்கத் தோன்றவில்லை. இவ்வளவு தண்ணியை வீணாக்குறீங்களே என்று சத்தம் போட வந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் விஷயம் தெரிந்துகொண்ட முதல் வெளி ஆள், அவரே போய் மோட்டாரை அணைத்தார். கடைசியில் அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு இதை மட்டும் வைத்துக்கொண்டேன். அதனால் எது நடந்தது என்று முதலில் யோசியுங்கள், சாமானெல்லாம் அதன் பின்னால் தானாக வரும்.

மதுரைக்காரி:

யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன், வீட்டு ஆட்கள் படிப்பார்கள்! யாருக்கும் காட்டப்போவதில்லை என்றுதான் நானும் எழுதினேன், தம்பி அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். எங்கள் சின்ன வயதில் அத்தை கடைக்குப் போகும்போதெல்லாம் ஒரு துண்டு வெல்லத்தைக் கிழிந்த சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வருவாள், எங்களுக்குத்தான் கொடுப்பாள், பாசமாகத்தான் எழுதியிருந்தேன். ஆறு மாதம் பேசவில்லை. அப்புறம் ஒரு காதுகுத்தில் பிடித்து வைத்துக் கேட்டேன். "வெல்லம் எடுத்தேன்னு எழுதினியே, அது இருக்கட்டும். சேலை கிழிஞ்சிருந்ததுன்னு ஊருக்கே ஏண்டி சொன்ன?"

எனக்கு அந்தக் கிழிசல்தான் அழகாகப் பட்டது, அவருக்கு அதுதான் அவமானம். இதற்குத் தீர்வு என்னிடம் இல்லை. நான் கிழிசலை எடுத்துவிட்டேன், பத்தி கொஞ்சம் சப்பென்று போய்விட்டது. அத்தை பேசுகிறார்.

கரிசல்பையன்:

எல்லோருக்கும் நன்றி. பழைய பேனா அண்ணன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதத்தான் நேற்று ராத்திரி உட்கார்ந்தேன், மூக்குத் துடைக்கிற கேள்வியில் மாட்டிக்கொண்டேன். இதோ:

"பசை அலுமினியச் சட்டியில் இருக்கும், துத்தம் போட்டதால் லேசான நீலம். அம்மா ஆள்காட்டி விரலால் ஒரு இழுப்பு இழுப்பாள், ஒரு மடிப்பு மடிப்பாள், பெட்டியைப் பின்னால் போடுவாள், திரும்பிப் பார்க்கமாட்டாள். எனக்குப் பசித்தால் முழங்கையால் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு நீயே சாப்பிடு என்பாள். எதிர்வீட்டில் என் வயதுப் பையனுக்கு அவன் அம்மா உருண்டை பிடித்து ஊட்டுவாள், வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் அம்மாவுக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். அந்தப் பசை வாய்க்குள் போகக் கூடாது என்று பெரியவனான பிறகுதான் தெரிந்தது. துத்தம் ஒரு விஷம், அதனால்தான் அவள் ஊட்டவில்லை, அதுவும் ஒரு பாசம்தான்."

மாடித்தொட்டி:

கடைசி வரியை வெட்டிடுங்க. மற்றதில் கை வைக்காதீர்கள்.

பழைய பேனா:

ஆமாம், வெட்டுங்கள். "நினைத்தேன்" என்ற இடத்திலேயே நிறுத்தலாமா என்றுகூட யோசிக்கிறேன். ஆனால் துத்தம் என்றால் என்னவென்று உங்கள் மகளுக்கு எப்படித் தெரியும், அதனால் வாய்க்குள் போகக் கூடாது என்கிற வரி இருக்கட்டும். திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட்டால் குரோஸ் கணக்கு எப்படித் தெரியும்? அதைக் கேட்டு எழுதுங்கள்.

கரிசல்பையன்:

வெட்டிவிட்டேன். அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். பின்னால் போடுவது காய்வதற்கு, காய்ந்த பிறகு வரிசைக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டு வரிசை அடுக்கினால் ஒரு குரோஸ், எண்ணவே வேண்டாம் என்றாள். எதற்குக் கேட்கிறாய் என்றாள், எழுதுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அந்த ஏஜென்ட் நாப்பது குரோஸுக்குக் கூலி பாக்கி வச்சிருந்தான், அதையும் சேத்து எழுது" என்றாள்.