குழந்தைக்கு முதல் தடுப்பூசி போட வந்தவர்கள் இரண்டாவதுக்கு ஏன் வருவதில்லை? உங்கள் அனுபவம்

ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்:

ஊசியே வேண்டாம் என்று கதவைச் சாத்தியவர்கள் மிகச் சிலர்தான். முதல் ஊசிக்கு வந்துவிட்டு அப்புறம் காணாமல் போனவர்கள்தான் அதிகம். ஒன்றரை மாதத்தில் பெண்டாவேலன்ட் போடுவோம், ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசி. அன்று ராத்திரியே காய்ச்சல், தொடையில் வீக்கம், ஓயாத அழுகை. கக்குவான் இருமலுக்கான மருந்து அதில் இருப்பதால் பல பிள்ளைகளுக்கு அப்படி வரும். விடிய விடியத் தோளில் போட்டு நடந்த பாட்டிக்கு அது தெரியுமா? "நல்லா இருந்த புள்ளைய நர்சம்மா படுக்க வச்சிட்டா" என்பார். இரண்டரை மாத ஊசிக்குப் போனால் வீடு பூட்டியிருக்கும்.

அதனால் மாமியாரையும் கூடவே வரச் சொல்வேன். "இன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வரலாம்மா. இந்தக் காய்ச்சல் சொட்டு மருந்து கொடுங்க, தொடையைத் தேய்க்காதீங்க" என்று அவரிடம்தான் சொல்வேன். சொன்னபடி காய்ச்சல் வந்துவிட்டால் நம் மேல் நம்பிக்கை கூடிவிடும், வேடிக்கைதான்!

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்த பிறகு, கிராமத்துக்கே போய் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போடச் சொன்னார்கள். அரசின் பயம் நியாயம்தான். ஆனால் கூலிக்குப் போகிற பெண் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பஸ் ஏறி வர வேண்டுமே. தேசிய குடும்ப நல ஆய்வின்படி, எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 2005-06இல் தமிழ்நாட்டில் சுமார் 81%, 2015-16இல் சுமார் 70%. இந்தச் சரிவில் அந்த பஸ் பயணத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. 2019-21 ஆய்வில் 89% ஆனது.

பள்ளி ஆசிரியை:

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம். வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியால் ஊசி போடும் அன்று பாதி வகுப்பு காலி. ஒரு ஆட்டோக்கார அப்பா மட்டும் நேராகக் கேட்டார்: "சின்ன வயசுலயே போட்டாச்சே டீச்சர், மறுபடி எதுக்கு?" 9 மாதத்தில் போடும் ஊசி சுமார் 85% பிள்ளைகளுக்குத்தான் பலன் தரும், மிச்சப் பேரையும் பிடிக்கத்தான் எல்லோருக்கும் இன்னொரு முறை என்று சுகாதார ஆய்வாளர் விளக்கினார். "இதை நோட்டீஸ்லயே போட்டிருக்கலாமே" என்று சொல்லிக்கொண்டே அந்த அப்பா சம்மதக் கையெழுத்துப் போட்டார்.

செங்கல் சூளைப் பகுதியிலிருந்து ஒரு அங்கன்வாடிப் பணியாளர்:

எங்கள் பக்கம் காய்ச்சல் பெரிய பிரச்சினை இல்லை, போட்ட ஊசிகளைக் குறித்துவைக்கும் தடுப்பூசி அட்டைதான். ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்கள் அதை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். எது போட்டது, எது பாக்கி என்று யாருக்கும் தெரியாது. இப்போதெல்லாம் அட்டையைப் பார்த்ததும் அப்பாவின் போனில் ஒரு போட்டோ எடுத்து வைக்கச் சொல்கிறேன்.