மீன்பிடித் தடைக்காலம் முடிந்து வண்டியை எடுத்ததிலிருந்து டாடா 407-இல் நாக்கிங் (தட்டுகிற) சத்தம், இழுவையும் இல்லை. இன்ஜின் வேலையா, டீசல் கோளாறா?

மண்டபம் மீன்வண்டி

வணக்கம் அண்ணன்மாரே. வண்டி 1998 மாடல் டாடா 407, டர்போ இல்லாத நாலு சிலிண்டர், இன்லைன் பம்பு (டீசலை அழுத்தி இன்ஜெக்டருக்கு அனுப்புகிற பம்பு). மண்டபத்திலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றுகிறோம், ஐஸோடு சேர்ந்து எப்போதும் ஃபுல் லோடுதான். ஏப்ரல் 15 தடைக்காலம் தொடங்கியதும் கடலோரம் ஒரு ஷெட்டில் நிறுத்தினோம், ஜூன் 14 முடிந்து போட்டுகள் கடலுக்குப் போய்த் திரும்பின பிறகுதான் எடுத்தோம். அன்றிலிருந்து பிரச்சினைதான்.

காலையில் ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் எடுக்கிறது, ஆனதும் வெள்ளைப் புகை. சூடானால் புகை குறைகிறது, ஆனால் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடுகிறது. ராமேஸ்வரத்தில் சரக்கு எடுத்துக்கொண்டு வரும்போது பாம்பன் பாலத்தில் ஏறினால் பாதியிலேயே மூன்றாவது கியருக்கு வர வேண்டியிருக்கிறது, முன்னால் நாலிலேயே ஏறும். போன வாரம் பரமக்குடி தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது, கை பம்பு அடித்து டீசல் லைனில் புகுந்த ஏர் எடுத்த பிறகுதான் கிளம்பியது.

இங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். சத்தத்தைக் கேட்டவுடனே கன்ராட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்கில் சுழலுகிற இடத்துப் பேரிங்) போயிருச்சு, இன்ஜினை இறக்கணும் என்கிறார். சீசன் தொடங்கிற நேரம், வண்டியை நிறுத்தினால் வியாபாரிகள் வேறு வண்டி பார்த்துவிடுவார்கள். இறக்குவதற்கு முன்னால் வேறு என்ன பார்க்கலாம், சொல்லுங்கள்.

கீழக்கரை டீசல் வேலை

தம்பி, இன்ஜினில் இப்போதைக்கு யாரையும் கை வைக்க விடாதீர்கள். நீங்கள் எழுதினதிலேயே விஷயம் இருக்கிறது: இரண்டு மாதம் கடலோரம் நின்ற வண்டி. நிறுத்தும்போது டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது? பாதி, கால் என்றால் மீதி இடம் முழுக்க உப்புக் காற்றுதான். பகலில் தகரம் சூடாகி ராத்திரி குளிரும்போது அந்தக் காற்றில் இருக்கிற ஈரம் டேங்கின் உள்சுவரில் வேர்த்துக் கீழே இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும், உறிஞ்சுகிற குழாயும் அடியில்தான் இருக்கிறது. தடைக்காலம் முடிந்த வாரங்களில் மீன்வண்டிகளில் இந்தக் கோளாறு வருவது சகஜம்.

முதலில் டேங்க் அடி ட்ரெயின் பிளக்கைத் திறந்து, முதலில் வருகிறதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க ஆடாமல் வையுங்கள். காலையில் அடியில் தனியாக ஒரு கோடு தெரிந்தால் தண்ணீர். அந்தக் கோட்டுக்கு மேலே கறுப்பாக வழுவழுவென்று ஒரு படலம் இருந்தால் அது டீசலும் தண்ணீரும் சேருகிற இடத்தில் வளர்கிற கிருமி, ஃபில்டரை அடைப்பது அதுதான்.

அடுத்தது கேன் டெஸ்ட். நல்ல டீசல் ஒரு கேனில் எடுத்து இன்ஜினைவிட உயரத்தில் கட்டி, டேங்க் லைனைக் கழற்றிவிட்டு அந்தக் கேனிலிருந்து நேரே ஃபீட் பம்புக்கு (டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிற பம்பு) கொடுங்கள். நடுவில் போடுகிற ஹோஸ் கண்ணாடி மாதிரி தெரிகிறதாக இருக்கட்டும், குமிழி போனால் கண்ணில் படும். ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, ஏர் எடுத்து, சூடாகும்வரை ஓட்டிப் பாருங்கள். சத்தமும் இழுவையும் சரியானால் கோளாறு டேங்கிலோ லைனிலோதான். பரமக்குடியில் நின்றதற்கு ஏர்தான் காரணம் என்று நினைக்கிறேன். உறிஞ்சுகிற பக்கம் ஹோஸில் வெடிப்பு இருந்தாலும் பான்ஜோ போல்ட்டின் (டீசல் லைனை மாட்டுகிற, நடுவில் ஓட்டையுள்ள போல்ட்) செப்பு வாஷர் தேய்ந்திருந்தாலும் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே ஈரமே இல்லை, லைன் நல்லாயிருக்கு என்று விட்டுவிடுவார்கள்.

கேனில் ஓட்டியும் சத்தம் அப்படியே இருந்தால் அப்புறம் நாசிலை, அதாவது இன்ஜெக்டர் நுனியில் டீசலைத் தெளிக்கிற பாகத்தைப் பார்க்கணும். ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள், அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. எதைத் தளர்த்தினால் சத்தம் அடங்குகிறதோ அதைக் குறித்து வையுங்கள். ஆனால் இதை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது, ஏனென்றால் கன்ராட் பேரிங் சத்தமும் அந்த சிலிண்டருக்கு லோடு இல்லாதபோது குறையும். அதனால் அந்த இன்ஜெக்டரைக் கழற்றிப் பக்கத்து சிலிண்டரில் மாற்றிப் போடுங்கள், அடி செப்பு வாஷர் புதிது போட்டு. சத்தம் இன்ஜெக்டரோடு இடம் மாறினால் நாசில். பழைய சிலிண்டரிலேயே நின்றால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம், அப்போது சூடான பிறகு ஆயில் பிரஷர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

நட்டைத் தளர்த்தும்போது மேலே துணி போட்டுப் பிடியுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்தப் பிரஷரில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும், இறங்கினால் உடனே ஆஸ்பத்திரிதான். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் பிரஷர் குழாயிலிருந்து டீசல் போகிற வண்டி) இந்த வேலையை யாரும் செய்துவிடாதீர்கள், அது வேறு பிரஷர்.

சாயல்குடி உப்பு லாரி

எங்கள் வண்டியிலும் இதே சத்தம்தான் இருந்தது. என்னைக் கேட்டால் இந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வந்ததிலிருந்துதான் பழைய வண்டிகளுக்கெல்லாம் கேடு. டீசலில் சத்தே இல்லை. இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டுங்கள், நாசில் கழுவிவிடும் என்று இங்கே பெரிய ஆட்கள் சொல்வார்கள்.

பரமக்குடி பம்பு சர்வீஸ்

அண்ணே, மண்ணெண்ணெய் யோசனை வேண்டாம். டீசலைவிட மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்புக் குறைவு, பம்புக்குள் பிளஞ்சரும் (டீசலைத் தள்ளுகிற தண்டு) பேரலும் (அது ஓடுகிற குழல்) டீசலின் எண்ணெய்ப் பசையில்தான் ஓடுகின்றன, அதுதான் தேயும். தீப்பிடிக்க எடுக்கிற நேரமும் கூடும். நாசிலிலிருந்து தெளித்த டீசல் உடனே எரியாமல் சேர்ந்துகொண்டே போய் ஒரே நேரத்தில் குப்பென்று எரிவதுதான் நாக்கிங். நாசில் ஒழுகினாலும், டைமிங் (டீசல் தெளிக்கிற நேரம்) முந்திவிட்டாலும், சத்தத்துக்குக் காரணம் அதேதான். நாசில் கழுவ மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்தச் சத்தத்தைத்தான் கூட்டுவீர்கள். நாட்டுப் படகு மோட்டாருக்கு மானியத்தில் கொடுக்கிற மண்ணெண்ணெய், போட்டுக்கு வரிவிலக்கில் வருகிற டீசல் என்று டிரம்மில் வைத்துக் கடற்கரையில் மலிவாகக் கிடைக்கும். அது வண்டிக்கு ஊற்றுவதற்கு இல்லை, சட்டப்படியும் தப்பு, அந்த டிரம்முக்குள் தண்ணீரும் துருவும் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

பிஎஸ்6-ஐக் குறை சொல்வதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2020 ஏப்ரல் 1-இலிருந்து மாறினது முக்கியமாகக் கந்தகம்தான், 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தது 10 பிபிஎம் ஆனது. சீட்டேன் எண் (டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதன் அளவு) முந்தைய பிஎஸ்4-லேயே குறைந்தது 51, இப்போதும் அதேதான். கந்தகத்தை எடுத்தால் வழுவழுப்புக் குறையும் என்பது உண்மை, அதற்காகத்தான் மருந்து கலந்து அனுப்புகிறார்கள். பழைய ரப்பர் சீல் கசியலாம், சீலை மாற்றினால் போதும். நல்ல டீசலால் நாக்கிங் வராது.

பங்க் டீசல் மேல் சந்தேகம் இருந்தால் டென்சிட்டி (அடர்த்தி) போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், ஹைட்ரோமீட்டர் அங்கே வைத்திருக்க வேண்டும், 15 டிகிரிக்கு மாற்றி, டீசல் லோடு வந்த சலானில் இருக்கிற எண்ணோடு ஒப்பிடுவார்கள். கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த டீசலைச் சந்தேகப்படலாம். ஃபில்டர் பேப்பர் டெஸ்ட் பெட்ரோலுக்குத்தான், டீசலுக்குக் கேட்டு வீணாகச் சண்டை போடாதீர்கள்.

மண்டபம் தம்பி, இன்னொன்று: சமீபத்தில் பம்பை யாராவது கழற்றி மாட்டினார்களா? அப்படியென்றால் டைமிங் குறியை முதலில் பாருங்கள்.

மண்டபம் மீன்வண்டி

பம்பைத் தொடவில்லை அண்ணே. நிறுத்தும்போது டேங்கில் கால்வாசிதான் இருந்தது. பாட்டிலில் பிடித்து வைத்தேன், அடியில் இரண்டு விரல்கடை தண்ணீர், மேலே நீங்கள் சொன்ன கறுப்புப் படலம், பாட்டிலைச் சாய்த்தால் கூழ் மாதிரி நகருகிறது. கேனில் ஓட்டினேன். ஸ்டார்ட்டிங் உடனே ஆனது, இழுவை பாதிக்கு மேல் வந்துவிட்டது, ஹோஸில் குமிழி இல்லை. ஆனால் சத்தம் முழுசாகப் போகவில்லை. நட்டைத் தளர்த்திப் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டரில் அடங்குகிறது. அந்த இன்ஜெக்டரை இரண்டாவதில் மாற்றிப் போட்டோம், சத்தமும் இரண்டாவதுக்கு வந்துவிட்டது!

கீழக்கரை டீசல் வேலை

அப்போது பேரிங் இல்லை தம்பி, நாசில்தான், தண்ணீர் போய் ஊசி துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஒன்றை மட்டும் மாற்றாமல் நாலு இன்ஜெக்டரையும் டெஸ்டரில் போட்டுப் பாருங்கள், தெளிப்பு எப்படி வருகிறது, திறக்கிற பிரஷர் எவ்வளவு, நுனியில் ஒழுகுகிறதா என்று. ஒழுகுகிற நாசிலோடு மதுரை டிரிப் அடிக்காதீர்கள், பிஸ்டன் தலையில் ஓட்டை போட்டுவிடும். இன்றைக்கே டிப் ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு கூடியிருந்தாலோ டீசல் வாடை அடித்தாலோ ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

டேங்கை இறக்கிக் கழுவாமல் புது நாசில் மாட்டாதீர்கள், காசு வீண். உள்ளே இருக்கிற வலை ஃபில்டரைக் கழற்றி சுத்தம் செய்யுங்கள், தையல் ஓரத்தில் துரு இருந்தால் டேங்கை மாற்றுவதே நல்லது. மாட்டும்போது உறிஞ்சுகிற ஹோஸும் செப்பு வாஷர்களும் புதிது, மூடி ரப்பரும் புதிது. ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு வாட்டர் செப்பரேட்டர் வையுங்கள். எவ்வளவு கழுவினாலும் அந்தக் கறுப்பு கொஞ்சம் மிச்சம் இருந்து திரும்ப வரும், அதனால் முதல் ஃபில்டரை ஒரு வாரத்திலேயே மாற்றிவிடுங்கள்.

மண்டபம் மீன்வண்டி

சரி அண்ணே. டிப் ஸ்டிக்கில் அளவு கூடவில்லை, வாடையும் இல்லை. நாளைக்கு டேங்கை இறக்குகிறோம், இன்ஜெக்டர் நாலையும் பரமக்குடிக்குக் கொடுத்துவிடுகிறேன். அடுத்த தடைக்காலத்துக்கு நிறுத்தும்போது டேங்கை ஃபுல்லாக நிரப்பி நிறுத்தலாமா, இல்லை வடித்துவிட்டுக் காலியாக விடலாமா?

கீழக்கரை டீசல் வேலை

ஃபுல்லாக நிரப்பி நிறுத்துங்கள். காலியாக விட்டால் உப்புக் காற்றுக்கு டேங்க் முழுக்க இடம் கிடைக்கும். எடுக்கிற அன்றைக்கு ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் ட்ரெயின் பிளக்கில் அரை லிட்டர் வடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.