அர்ஜென்டினாவின் காகித உருவங்களுக்கு ஏன் முகம் இல்லை?

நிழல்குடை:
1983 செப்டம்பர் 21 அன்று பியூனஸ் அயர்ஸில் பிளாசா டி மாயோ சதுக்கத்தைச் சுற்றி ஆளுயரக் காகித உருவங்களை ஒட்டினார்களே, அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ராணுவ ஆட்சி இன்னும் போகாத நேரம். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகச் செய்தது, புரிகிறது. ஆனால் முகம் இல்லை, வெறும் வெளிக்கோடு. ஆளை அடையாளமே இல்லாமல் ஆக்கியது ராணுவம்தானே, கலைஞர்களும் ஏன் அதையே செய்ய வேண்டும்? எனக்கு உறுத்துகிறது.

தெற்குவாசல்:
எப்படி வரைந்தார்கள் என்பதைப் பாருங்கள். அகெரெபெர்ரி, ஃப்ளோரஸ், கெக்ஸல் என்ற மூன்று கலைஞர்களின் யோசனை அது, காணாமல் ஆக்கப்பட்டதாகச் சொல்லப்படும் 30,000 பேரின் உடம்புகள் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று ஊர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தார்கள். அன்று பிளாசா டி மாயோ அம்மாக்களின், அதாவது காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரின், எதிர்ப்புப் பேரணி. வந்த ஜனங்களே காகிதத்தில் படுத்துக்கொள்ள, பக்கத்தில் இருந்தவர் சுற்றிக் கோடு போட்டார். கொண்டுபோன உடம்புக்குப் பதிலாக உயிரோடு இருக்கும் ஒருவர் தன் உடம்பைக் கொஞ்ச நேரம் கொடுக்கிறார், எனக்கு அந்த வேலையில் பெரிய விஷயமே இதுதான். கர்ப்பிணிகளையும் கடத்தினார்கள் இல்லையா, அவர்களுக்காக வயிற்றில் தலையணை வைத்து வரைந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பட்டியல் முழுமையாக இல்லாததால் பெயர் வேண்டாம் என்றது அம்மாக்கள்தான். அப்படியும் பலர் தங்கள் ஆளின் பெயரை எழுதிவிட்டார்கள்.

ஈரமண்:
இன்னொன்று, தரையில் ஒட்டக் கூடாது என்றும் அம்மாக்கள் சொன்னார்கள். படுத்த உருவம் பிணம் மாதிரி ஆகிவிடும். உயிரோடு கொண்டுபோனீர்கள், உயிரோடு திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டவர்கள் அவர்கள். அதனால் சுவரிலும் மரத்திலும் எல்லா உருவமும் நின்றபடிதான்.

வன்னிக்காற்று:
நான் கிளிநொச்சிப் பக்கம். இங்கே அம்மாக்கள் 2017இலிருந்து பிள்ளைகளின் படத்தைப் பிடித்தபடிதான் வீதியோரம் இருக்கிறார்கள். அவர்களிடம் முகமில்லாத உருவத்தைக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், என் பிள்ளை எங்கே என்றுதான் கேட்பார்கள். அதனால் நிழல்குடை கேட்டது சரியான கேள்வி என்றே நினைக்கிறேன். பிளாசா டி மாயோ அம்மாக்களும் படங்களைக் கீழே வைக்கவில்லையே, இரண்டும் தேவைப்பட்டிருக்கிறது.

நிழல்குடை:
ஜனங்களே படுத்துக் கோடு போட்டது எனக்குத் தெரியாது. நான் பார்த்தது எடுவார்டோ கில் எடுத்த படத்தை மட்டும்தான். அதில் உருவங்களுக்கு முன்னால் போலீஸ்காரர்கள் நிற்கிறார்கள், பின்னால் இருப்பவர்களும் அவர்கள் உயரம்தான்.