ஆரோக்கியப்பச்சை: காணிகள் தின்ற பழமும் கடையில் விற்கும் பொடியும்

பொதிகையான்:
ஆரோக்கியப்பச்சை என்ற காட்டுச் செடியைப் பற்றி ஒரு வரி சொன்னதுமே "இதுவும் மூலிகை வியாபாரம்தான்" என்று இங்கே ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. முதலில் கதையைக் கேளுங்கள். 1987-ல் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு தாவர ஆய்வுக்குழு கேரளப் பக்கம் அகத்தியமலைக் காட்டுக்குள் போனது. குழுவில் இருந்தவர்கள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட, வழிகாட்ட வந்த காணிகள் என்ற மலைப் பழங்குடியினர் மட்டும் ஏதோ ஒரு சின்னக் கறுப்புப் பழத்தைத் தின்றுகொண்டே அலுப்பில்லாமல் நடந்தார்கள். கேட்டதும் இவர்களுக்கும் கொடுத்தார்கள், இவர்களுக்கும் தெம்பு வந்தது. எந்தச் செடி என்று மட்டும் லேசில் சொல்லவில்லை, வெளியாட்களுக்குச் சொல்லக்கூடாத விஷயம் அது. பிறகுதான் காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் நடந்தவர்களின் அனுபவத்தைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

ஆதாரம்_எங்கே:
பிறந்ததிலிருந்து மலை ஏறுகிறவர்களுக்கு மூச்சிரைக்காது, அதற்கு மூலிகை எதற்கு? குழுவினருக்குத் தெம்பு வந்தது உட்கார்ந்து இளைப்பாறியதாலும் இருக்கலாம், வயிற்றுக்குள் ஏதோ போனதாலும் இருக்கலாம். காணிகள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்புறம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் எலிகள் மேல்தான், செடிச்சாறு கொடுத்து நீந்தவிட்டு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்தது. எலி கூடுதல் நேரம் நீந்தினால் எனக்கு மதியத் தூக்கம் போய்விடுமா?

பொதிகையான்:
கிண்டல் எளிது. எலியில் தொடங்காத மருந்து எது, ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம். இது யாரோ கடைக்காரர் கிளப்பிவிட்ட புரளி இல்லை, கேரளத்தில் பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் பல வருடம் வேலை செய்து ஜீவனி என்ற மருந்தாகவே கொண்டுவந்தது. கோவையில் ஒரு ஆயுர்வேத நிறுவனம் உரிமம் வாங்கித் தயாரித்தது.

ஆதாரம்_எங்கே:
அந்த ஜீவனியில் என்னென்ன இருந்தது என்று பார்த்தீர்களா ஐயா? ஆரோக்கியப்பச்சையோடு அமுக்கரா (அஸ்வகந்தா), திப்பிலி, விஷ்ணுகிராந்தி. அமுக்கராவை உடல் பலத்துக்கு என்று நம் வைத்தியர்கள் எப்போதிருந்தோ கொடுக்கிறார்கள். நாலையும் ஒன்றாகக் கலந்து கொடுத்துவிட்டு தெம்பு வந்தால், எது தந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? அதோடு காணிகள் தின்றது பழம், அதுவும் காட்டில் அப்போதே பறித்தது. மருந்தில் போட்டது இலை. அவர்கள் அனுபவத்தை ஆதாரமாகக் காட்டுகிறீர்கள், ஆனால் விற்பது அவர்கள் அனுபவித்த பொருளே இல்லை!

நிழல்செடி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இரண்டு பேரும் டப்பாவைப் பற்றியே பேசுகிறீர்கள், செடியை யாரும் பார்க்கவில்லை. அடர்ந்த நிழலில், ஓடைக்கரை ஈரத்தில், தரையோடு வளரும் சின்னச் செடி அது. இதய வடிவ இலை. வள்ளிக்கிழங்குக் குடும்பம் என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். நடக்கிற வழியில் நாலு பழம் பறித்துத் தின்றால் செடிக்கு ஒன்றும் ஆகாது. மூட்டைக் கணக்கில் இலை வேண்டும் என்று ஆனதும் வெளியாட்கள் வேரோடு பிடுங்கத் தொடங்கினார்கள். வனத்துறையும் காணிகள் இலை எடுத்து விற்பதற்குத் தடை போட்டது. சரி, தோட்டத்தில் வளர்க்கலாமே என்றால், காட்டுச் சூழலுக்கு வெளியே வளர்த்ததில் அதே குணம் இல்லை என்றார்கள்.

பொதிகையான்:
ஆனால் காணிகளுக்குப் பங்கு கிடைத்ததே, அதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? உரிமத்தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி, இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று பாலோடு ஆராய்ச்சி நிறுவனமே முடிவு செய்தது. 1997-ல் காணிகளுக்கென்று ஒரு அறக்கட்டளையும் பதிவானது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிதாகப் பேசப்பட்ட ஏற்பாடு அது. பழங்குடியிடம் கேட்டுவிட்டு ஒரு பைசா தராமல் போனவர்கள்தான் அதிகம்.

நிழல்செடி:
கிடைத்தது, மறுக்கவில்லை. யாருக்கு என்பதுதான் என் கேள்வி. செடியைக் காட்டியவர்கள் ஒரு பகுதிக் காணிகள். வேறு பகுதியைச் சேர்ந்த பிலாத்திகள், அதாவது அவர்களுடைய வைத்தியர்கள், எங்கள் அறிவை விற்காதீர்கள் என்று 1995-லேயே கேரள முதல்வருக்குக் கடிதம் எழுதினார்கள். அறக்கட்டளை வந்தது அதற்கும் இரண்டு வருடம் கழித்து. தமிழ்நாட்டுப் பக்கமும் காணிகள் இருக்கிறார்கள், அவர்களிடம் யார் கேட்டார்கள்? ஒரு சமூகமே வைத்திருந்த அறிவுக்கு யாரோ ஓரிருவர் சம்மதம் சொன்னால் போதுமா?

ஆதாரம்_எங்கே:
இதில் நான் நிழல்செடி பக்கம். மருந்து வேலை செய்கிறதா என்று நான் கேட்பதற்கும் அது யாருடையது என்பதற்கும் சம்பந்தமில்லை, செய்யாவிட்டாலும் கேட்காமல் எடுத்தது எடுத்ததுதான்.

பொதிகையான்:
அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறீர்கள், யாருமே தொடக்கூடாதா?

ஆதாரம்_எங்கே:
தொடட்டும். பழத்தையே எடுத்து, தனியாக, மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதிக்கட்டும், முதலில் காணிகளிடம் உட்கார்ந்து பேசிவிட்டு. அதுவரை உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத "மலைவாசிகள் மூலிகைப் பொடி"யை நான் வாங்கமாட்டேன். கலவையில் அமுக்கரா இருந்தால் தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவேண்டாம், கர்ப்பிணிகள் வேண்டவே வேண்டாம்.