லாக் கோப்புகளை ஷெல் ஸ்கிரிப்ட்டால் ஒன்று சேர்த்த அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

இரவுப்பணி:

ஓர் இணைய விற்பனைத் தளத்துக்கு இரவில் சப்போர்ட் பார்க்கிறேன். "பணம் போய்விட்டது, ஆர்டர் வரவில்லை" என்று புகார் வந்தால் தடயம் மூன்று இடங்களில் கிடக்கும். முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் (nginx என்ற வெப் சர்வர் மென்பொருள்) சர்வர்களில் வந்த கோரிக்கைகளைப் பதியும் அக்சஸ் லாக், பின்னால் ஓடும் ஜாவா ஆப்பின் லாக், பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயிலிருந்து தினமும் வரும் சிஎஸ்வி கோப்பு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அந்த வாடிக்கையாளருக்கு உருப்படியான பதில் சொல்ல முடியாது. பணம் போன பதற்றத்தில் இருப்பவரிடம் "பார்க்கிறோம் சார்" என்று மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வராது.

இதற்கென்று பெரிய டூல் எதுவும் எங்களிடம் இல்லை. வரிகளைத் தேடும் கிரெப் (grep), வரியைச் சொற்களாகப் பிரித்து வேலை செய்யும் ஆக் (awk), வரிசைப்படுத்தும் சார்ட் (sort) என்ற கட்டளைகள் இருக்கின்றன, போதும். ஆனால் எதையும் தேடுவதற்கு முன் நேரத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் என்ஜின்எக்ஸ் இந்திய நேரத்தில் எழுதுகிறது, ஆப் யூடிசியில் (உலகப் பொது நேரம், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) எழுதுகிறது. மார்ச் 13, அதிகாலை 02:10:44 என்று அக்சஸ் லாக்கில் இருப்பது ஆப் லாக்கில் மார்ச் 12, 20:40:44. தேதியை வைத்து கிரெப் போட்டால் நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரை மணி வரைக்குமான வரிகள் ஒன்றோடொன்று சேரவே சேராது. என் ஷிப்ட் முழுக்க அந்த நேரத்தில்தான்!

அதனால் ஸ்கிரிப்ட்டின் முதல் வேலை, ஒவ்வொரு வரியின் நேரத்தையும் 1970 ஜனவரி 1 யூடிசியிலிருந்து எண்ணும் விநாடிக் கணக்காக மாற்றுவது. ஜிஎன்யூ ஆக்கில் இருக்கும் எம்கேடைம் (mktime) ஃபங்ஷன் இதைச் செய்துவிடும். டைம்ஸோன் மாறியை மட்டும் அந்தந்தக் கோப்புக்குத் தகுந்த மாதிரி வைத்து ஓட்ட வேண்டும். அக்சஸ் லாக்கில் மாதம் எழுத்தில் இருக்கும். பன்னிரண்டு மாதங்களின் மூன்றெழுத்துச் சுருக்கங்களையும் இடைவெளி இல்லாமல் ஒரே சரமாக எழுதி, அதில் மாதம் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்து, இரண்டைக் கூட்டி மூன்றால் வகுத்தால் மாத எண் கிடைத்துவிடும். அப்புறம் ஒவ்வொரு வரியையும் விநாடி, எந்தக் கோப்பு, ரிக்வெஸ்ட் ஐடி (ஒவ்வொரு கோரிக்கைக்கும் உள்ள தனி அடையாளம்), மீதி என்று டேப் வைத்துப் பிரித்து எழுதி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி எண் வரிசையில் சார்ட் செய்தால் நடந்தது நடந்தபடி கதையாகக் கண்முன் ஓடும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். என்ஜின்எக்ஸ் ஒரு கோரிக்கை முடிந்த பிறகுதான் லாக்கில் எழுதும். பத்து விநாடி தொங்கிய கோரிக்கை என்றால் ஆப் லாக்கின் வரி முன்னாலும், அதைக் கொண்டுவந்த அக்சஸ் லாக் வரி பின்னாலும் நிற்கும். பின்னால் இருப்பது முன்னால் எப்படி வந்தது என்று குழம்ப வேண்டாம். லாக் ஃபார்மட்டில் ரிக்வெஸ்ட் டைமையும் சேர்த்து, ஸ்கிரிப்ட்டில் அதைக் கழித்துவிட்டால் தொடங்கிய நேரம் வந்துவிடும். ரிக்வெஸ்ட் ஐடி மாறி என்ஜின்எக்ஸ் 1.11.0-இலிருந்தே இருக்கிறது. அதை ஒரு ஹெடரில் ஆப்புக்கு அனுப்பி, ஆப்பும் தன் லாக்கில் எழுதும்படி டெவலப்பர்களிடம் கேட்டு வாங்குங்கள். நேரத்தை வைத்துக் குத்துமதிப்பாக இணைப்பதற்கும் ஐடியை வைத்து இணைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

பணம் வந்து ஆர்டர் ஆகாதவற்றைப் பிரிக்க, இரண்டு கோப்புகளை ஒப்பிடும் காம் (comm) கட்டளை அருமை. கேட்வே கோப்பிலிருந்து ஆர்டர் எண்களை ஒரு கோப்பில், ஆப் லாக்கில் ஆர்டர் உருவானதாக உள்ள எண்களை இன்னொன்றில், இரண்டையும் சார்ட் செய்து காம் மைனஸ் 23 கொடுத்தால் முதல் கோப்பில் மட்டும் இருப்பவை வரும். ஒருமுறை அத்தனை எண்களும் பொருந்தாமல் கொட்டின. மறைந்திருக்கும் எழுத்துகளையும் காட்டும் கேட் மைனஸ் ஏ (cat -A) போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் விண்டோஸின் வரிமுடிவில் வரும் கேரேஜ் ரிட்டர்ன் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிஎஸ்வியில் ஆர்டர் எண் கடைசி நெடுவரிசை என்பதால் அதோடு சேர்ந்தே வந்துவிட்டது. டிஆர் (tr) கட்டளை வைத்து அதை நீக்கியதும் கைவிரலில் எண்ணக்கூடிய அளவே மிஞ்சின. அவைதான் உண்மையான புகார்கள்.

டெபியன்_பக்தன்:

அருமையான பகிர்வு, நண்பரே. நான் ஒரு கல்லூரியில் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வேலை எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) உள்நுழைவு முயற்சிகளைத் தொகுப்பது. எந்த ஐபியிலிருந்து எத்தனை தடவை தவறான பாஸ்வேர்டு வந்தது என்று வாரா வாரம் ஒரு பட்டியல் எடுப்போம்.

ரூட் (நிர்வாகிக் கணக்கு) பெயரில் முயன்றால் லாக் வரியில் ஐபி பதினோராவது சொல். இல்லாத பயனர் பெயரில் முயன்றால் "இன்வேலிட் யூசர்" என்று நடுவில் இரண்டு சொற்கள் கூடுதலாக வந்து ஐபி பதிமூன்றாவதாகத் தள்ளிப் போகிறது. பதினொன்றை எடுத்தால் பட்டியலில் பாதி ஐபி, பாதி யாரோ ஊகித்த பயனர் பெயர்கள். அதனால் பின்னாலிருந்து எண்ணுவேன். வரியின் வால் எப்போதும் ஐபி, போர்ட் என்ற சொல், போர்ட் எண், எஸ்எஸ்ஹெச்2 என்றுதான் முடியும். எனவே ஆக்கில் என்எஃப் (NF, வரியில் உள்ள சொற்களின் எண்ணிக்கை) மைனஸ் 3. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 12-ஆம் பதிப்பில், லாக் எழுதும் ஆர்சிஸ்லாக் (rsyslog) நேரம் எழுதும் முறையே மாறி, மாதம், நாள், மணி என்ற மூன்று சொற்கள் ஒரே சொல்லாகிவிட்டன. முன்னாலிருந்து எண்ணிய ஸ்கிரிப்ட்கள் எல்லாம் படுத்துவிட்டன. பின்னாலிருந்து எண்ணியது அப்படியே ஓடியது.

புதிய முறையை நான் மனமார வரவேற்கிறேன். பழைய முறையில் ஆண்டே கிடையாது. டிசம்பரையும் ஜனவரியையும் சேர்த்து மாத வரிசையில் அடுக்கினால் ஜனவரி முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போது ஆண்டு முன்னால் வருவதால், எல்லா சர்வரும் ஒரே டைம்ஸோனில் இருந்தால் சாதாரண சார்ட்டே போதும். ஏற்கெனவே வரிசையாக உள்ள கோப்புகள் என்றால் அவற்றை அப்படியே இணைக்கும் சார்ட் மைனஸ் எம் (sort -m, சின்ன எம்), இன்னும் வேகம்.

ரொட்டேட் ஆன (அவ்வப்போது தனிக் கோப்பாக ஒதுக்கப்பட்ட) பழைய லாக்குகள் சுருக்கப்பட்டிருக்கும், கடைசி ஒன்றிரண்டு அப்படியே இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கையாளத் தேவையில்லை. இஸட்கேட் மைனஸ் எஃப் (zcat -f) கொடுத்தால் சுருக்கியதையும் சுருக்காததையும் ஒருசேரப் படிக்கும்.

புதிதாகக் கற்பவர்களுக்கு ஒன்று: யூனிக் (uniq) கட்டளை அடுத்தடுத்து இருக்கும் ஒரே மாதிரி வரிகளைத்தான் சேர்த்து எண்ணும். முன்னால் சார்ட் இல்லாவிட்டால் எண்ணிக்கை தவறாகத்தான் வரும். எண்ணுவது மட்டும் வேலை என்றால் சார்ட்டையே விட்டுவிட்டு ஆக்கின் அரேயில் ஐபியைச் சாவியாக வைத்துக் கூட்டிக்கொண்டே போகலாம். 1977-இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோவும் வெயின்பெர்கரும் கெர்னிகனும் எழுதிய கருவி இன்றைக்கும் இந்த வேலைக்கு என் முதல் தேர்வு.

கிரான்டேப்:

இருவருக்கும் நன்றி. கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் ஏற்பாடு) ஓடும் ஸ்கிரிப்ட் பற்றி மட்டும் சேர்க்கிறேன். பைப்பில், அதாவது ஒன்றின் வெளியீடு அடுத்ததற்குப் போகும்படி, கோத்த கட்டளைகளில் கடைசியின் வெற்றி தோல்விதான் மொத்தத்தின் முடிவாகக் கணக்கில் வரும். நடுவில் இஸட்கேட் ஒரு பழுதான கோப்பில் தடுக்கி நின்றாலும் கடைசியில் முதல் சில வரிகளை எடுக்கும் ஹெட் (head) நன்றாக முடிந்துவிட்டால் ஸ்கிரிப்ட் வெற்றி என்றே சொல்லும். அரைகுறைப் பட்டியல் மெயிலில் போய்விடும், அதை நம்பி ஒருவர் முடிவும் எடுத்துவிடுவார். பாஷ் ஷெல்லில் செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில் (set -o pipefail) வைத்தால் நடுவில் எது விழுந்தாலும் தெரியும். ஆனால் கிரெப் எதையும் கண்டுபிடிக்காதபோதும் முடிவுக் குறியீடாக 1 என்று திருப்பும் (0 என்றால்தான் வெற்றி), அதையும் தோல்வியாக எடுத்துக்கொள்ளும். 1 வந்தால் "எதுவும் இல்லை", 2 வந்தால் உண்மையான பிழை என்று பிரித்து எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, சார்ட்டும், இரு கோப்புகளை இணைக்கும் ஜாயினும் (join), காமும் ஒரே லொகேலில் (எழுத்துகளின் வரிசையைத் தீர்மானிக்கும் மொழி அமைப்பு) ஓட வேண்டும். டெர்மினலில் ஓடுவது கிரானில் வேறு லொகேலில் ஓடி, வரிசை சரியில்லை என்று ஜாயின் புகார் செய்யும். ஸ்கிரிப்ட்டின் தலையிலேயே எல்சி ஆல் மாறிக்கு சி என்று (LC_ALL=C) கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை, சார்ட்டும் வேகமாக முடியும்.