வீட்டில் கட்டிய கிறிஸ்துமஸ் ஸ்டார்: பனியில் தாள் நிற்கவில்லை

தூத்துக்குடியில் இருக்கிறோம். கடை விலை கட்டுப்படியாகாது என்று இந்த வருடம் ஸ்டாரை நானே கட்டினேன். மூன்றடி உயரம். பத்து மூங்கில் குச்சியில் இரண்டு ஐந்துமுனை நட்சத்திரம், நடுவில் ஐந்து சிறு குச்சிகளை முட்டுக்கொடுத்து நூலால் இறுக்கியிருக்கிறேன். சட்டம் கல் மாதிரி நிற்கிறது. தாள்தான் பிரச்சினை.

மொட்டைமாடியில் தொங்கவிட்டு மூன்று இரவு ஆகிறது. மாலையில் சுண்டினால் டப்பென்று சத்தம் கேட்கும் பட்டத்தாள், விடியற்காலைப் பனியில் தொய்ந்து, முனைகளில் பசை விட்டு நாக்கு மாதிரி தொங்குகிறது.

முதலில் மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன், எறும்புதான் மிச்சம். அப்புறம் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை. ஓரத்தைக் குச்சியைச் சுற்றி மடித்தும் பார்த்தாயிற்று. கண்ணாடித் தாளில் பசையே பிடிக்கவில்லை, பல்பும் அப்படியே பல்லை இளிக்கிறது. உள்ளே இருப்பது 9 வாட் எல்இடி, அதனால் சூடு காரணமாக இருக்காது.

300 ரூபாய் ஒதுக்கினேன், 190 போய்விட்டது. காலையில் எழுந்ததும் பிள்ளைகள் முதலில் ஓடுவது மாடிக்குத்தான்.

பட்டத்தாளை மாற்றாமல், மீதி 110 ரூபாய்க்குள், பனியைத் தாங்க அதன் மேல் எதைப் பூசலாம்?